கூப்பிட்டா வரும்

உக்காரும்மா. இந்த மழைல எங்க போகப் போற? இந்த சிமெண்ட் கூரைய விட்டா கேட் வரைக்கும் ஒதுங்க இடம் கிடையாது. கேமரா நனைஞ்சா உள்ள பூஞ்சை பிடிச்சுக்கும்னு என் பொண்ணு சொல்லுவா. பையை இப்படி என் பக்கம் வை, அங்க சாரல் அடிக்குது. புதுக் கேமராவா? பாத்தாலே தெரியுது, பட்டையில மடிப்புகூட இன்னும் போகல.

ஆறுமணிக் குருவி பாக்கத்தான வந்த? நீ சொல்லவே வேணாம். மார்கழி மாசம் விடியக்காலைல இந்தப் பார்க்குக்குக் கேமரா தூக்கிட்டு வர்றவங்க எல்லாம் அதுக்குத்தான் வர்றாங்க. இதோ எதிர்ல பம்ப் ரூம் இருக்குதே, அதுக்குப் பக்கத்துல சருகு கொட்டி வெச்சிருக்காங்க பாரு, அந்தப் புதர்தான் அதோட வீடு. ஐப்பசி மழைல வந்து சேரும், சித்திரை வரைக்கும் அந்தப் புதரை விட்டு நகராது. காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கத்தறதால அந்தப் பேரு. ஒரு மைனா அளவுதான் இருக்கும், ஆனா உடம்புல எத்தனை கலர்ங்கற. பச்சை, நீலம், வயித்துக்கு அடியில குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பு. எங்கேயோ வடக்கேருந்து வருது. வர்ற அலுப்புல சில சமயம் வீட்டுக்குள்ளயே வந்து விழுந்துடுமாம்.

இங்க இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா? சதாசிவம் சாரா? நெனச்சேன். அப்ப நீயும் அந்தப் பறவை பாக்கற குரூப்ல இருக்க. இருந்துட்டுப் போ, நான் ஒண்ணும் சொல்லல. நான்தான் இந்திராணி ஆன்ட்டி. கேள்விப்பட்டிருப்பியே. என்ன சொன்னாங்க என்னைப் பத்தி? சரி, வேணாம் விடு. அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?

என்னை குரூப்லேருந்து தூக்கிட்டாங்கம்மா. ஒரு வார்த்தை கேக்கல. காலைல போனைப் பாத்தா, சதாசிவம் உங்களை நீக்கிட்டார்னு வந்து நிக்குது. மனுஷன் பெரிய இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவராம். இருக்கட்டுமே. நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவதான். அந்தக் காலத்துல இவர் ஊருக்கு ஒரு டிரங்க் கால் பேசணும்னாலும் எங்க கையாலதான் லைன் போட்டிருக்கணும்.

என்ன தப்பு பண்ணிட்டேன் நான்? போன்ல அந்தக் குருவியோட சத்தத்தைப் போட்டேன். அவ்வளவுதான். அது ஒரு பெரிய குத்தமாம். பறவை பாக்கறவங்க செய்யவே கூடாதாம். சொல்றேன் கேளு, நீயே சொல்லு யார் மேல தப்புன்னு.

இந்த பைனாகுலர் என் பொண்ணோடது. பிருந்தா. வேலைக்குப் போன புதுசுல வாங்கினா. ஞாயித்துக்கிழமையானா விடியறதுக்கு முன்னாடி எழுந்து, இந்த குரூப்போட கிளம்பிடுவா. பள்ளிக்கரணைங்கறா, வேடந்தாங்கல்ங்கறா. சாயங்காலம் வெயில்ல கறுத்துப்போய் வருவா, ஆனா முகம் அப்படி இருக்கும். நான் பாத்தேன். பொம்பளப் புள்ள, ஊர் பேர் தெரியாதவங்களோட சுத்துதே, நாமளும் கூடப் போவோம்னு கிளம்பிட்டேன். எனக்கு முட்டி வலி, சதுப்பு நிலத்துல எல்லாம் நடக்க முடியாது. அதனால இந்தப் பார்க்கே போதும்னு முடிவு பண்ணிட்டோம். நாங்கதான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம். அவ ஒண்ணும் சொல்லல.

எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். ஒண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொண்ணு பாக்கி. போன வருஷமே அவ ஆஸ்பத்திரில தேதி வாங்கிட்டா, நான்தான் பனி போகட்டும்னு தள்ளி வெச்சேன். என்ன அவசரம்? அவ பக்கத்துல இருக்கும்போது எனக்கு எதுக்குக் கண்ணு? நீ புதுசு, உனக்குத் தெரியாது, பறவை இருக்கற இடத்தை விரலை நீட்டிக் காட்டக் கூடாது. பறந்துடும். கடிகாரம் மாதிரி சொல்லணும். நேர் எதிர்ல பன்னெண்டு மணி, வலது கைப்பக்கம் மூணு மணி. அவ என் காதுகிட்ட வந்து, "அம்மா, ரெண்டு மணி, வாகை மரம், காஞ்ச கிளை, மாங்குயில்"னு மெதுவா சொல்லுவா. நான் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி "மாங்குயில்"னு சொல்லுவேன். ஆன்ட்டிக்குக் கழுகுக் கண்ணும்பாங்க. அவ சிரிச்சுக்கிட்டே நிப்பா. தாராளமான மனசு அவளுக்கு. பறவை யார் கண்ல பட்டா என்ன, பாத்தா சரின்னு இருப்பா.

சரி, குருவிக்கு வரேன். இந்த வருஷம் வந்துச்சா, எல்லாரும் நாள் கணக்கா கால் கடுக்க நிக்கறாங்க, அது புதருக்குள்ளேருந்து வரவே இல்ல. எனக்குப் பொறுக்கல. போன்ல தேடினேன், அதோட சத்தம் இருந்துச்சு. ரெண்டு விசில் மாதிரி. புதர் பக்கம் காட்டிப் போட்டேன் பாரு, குடுகுடுன்னு சருகு மேல ஓடி வந்து, என் கால்லேருந்து நாலடி தள்ளி நின்னு, நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கத்துச்சு. என் கண்ணுக்கே தெரிஞ்சுச்சு அன்னிக்கு, யாரும் மணி சொல்ல வேண்டி வரல. அப்படியே சிலிர்த்துப் போயிட்டேன். கூப்பிட்டா வருதே, கூப்பிட்டா வருதேன்னு அன்னிக்குப் பூரா அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

பிருந்தாதான் முகம் சுருங்கிப் போயிட்டா. "அம்மா, அது உன்னைப் பாக்க வரல. வேற ஒரு குருவி தன் இடத்துக்கு வந்துடுச்சுன்னு பயந்து வருது. தனியா இருக்கற குருவிம்மா. திங்கற நேரத்துல இப்படி ஓட விட்டா உடம்பு தேறாது. திரும்பிப் போக முடியாமப் போயிடும்"னா. திரும்பி எதுக்குப் போகணும்னேன் நான். இங்க என்ன குறைச்சல்? புழு இருக்கு, புதர் இருக்கு, பூனையைக்கூட வாட்ச்மேன் விரட்டிடறார். ஒரு தடவ கூப்பிட்டா என்ன தேஞ்சா போயிடும்?

ஒரு தடவதானான்னு நீ கேக்கற. தினம் போட்டேன். மறைக்க என்ன இருக்கு? கேட்டவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். போட்டோ எடுத்து குரூப்ல போட்டுக்கிட்டாங்க இல்ல, அப்ப இனிச்சுது. அப்புறம் யாரோ போய் சதாசிவம் சார்கிட்ட சொல்லி, அவர் என்னைத் தூக்கிட்டார். யார் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பிருந்தாகிட்ட கேட்டேன், "விடும்மா"ன்னுட்டா.

இரு, உனக்கும் போட்டுக் காட்டறேன். அட இரும்மா, இங்க யாரு இருக்கா பாக்க. இதோ. கேட்டியா? எவ்வளவு தெளிவா இருக்கு. இன்னொரு தடவ. ம். ஏதாவது அசையுதா அங்க? இல்லையா? முன்னெல்லாம் உடனே வந்துடும். அப்புறம் அஞ்சாறு தடவ போட வேண்டி இருந்துச்சு. இப்ப ஒரு வாரமா வரவே மாட்டேங்குது. ஒரே போன்ல போட்டா கண்டுபிடிச்சுடுது போல. வேற போன்ல, வேற பக்கத்துலேருந்து போட்டா ஏமாந்து வந்துடும். உன் போன்ல இருக்கா? வேணாமா? சரி, நீயும் அந்தக் கட்சிதான்.

மழை குறையலையே? இல்ல, தூறுது இன்னும். இலையெல்லாம் சொட்டுது பாரு. உக்காரு. பிளாஸ்க்ல காப்பி இருக்குது, குடி. ரெண்டு கப் வெச்சு அனுப்பியிருக்கா. யாராவது பக்கத்துல இருந்தா குடும்மான்னா. இன்னிக்கு அவ வரல. தலைவலியாம். ஆட்டோல ஏத்தி விட்டுட்டு, தன் பைனாகுலரைக் கழட்டி என் கழுத்துல மாட்டினா. நீயே வெச்சுக்கோம்மான்னா. என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டா இதை. அப்படிப்பட்ட பொண்ணு.

கல்யாணமா? ஆகல. வராம இல்ல, நிறைய வந்துச்சு. ஒருத்தன் துபாய்ங்கறான், ஒருத்தனுக்கு வீடு நிறைய ஆளு, ஒருத்தன் நல்ல பையன்தான் ஆனா பேசும்போது என் முகத்தையே பாக்கல. பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. அவளே வேணாம்னுட்டா. என் முட்டி ஆபரேஷன் அப்ப ஆபீஸ்ல சொல்லி, வீட்டுலேருந்தே செய்யற மாதிரி வேலையை மாத்திக்கிட்டா. முட்டி சரியாயிடுச்சு, அந்த ஏற்பாடு அப்படியே நின்னுடுச்சு. எவ்வளவு வசதி பாரு. அவளுக்குன்னு தனி ரூம், ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய முருங்கை மரம். நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன், கதவை மட்டும் சாத்தாதேன்னு சொல்லியிருக்கேன்.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அவ அப்பா போனது அப்படித்தான். நான் டியூட்டில இருந்தேன். காதுல ஹெட்போன், ஊருக்கெல்லாம் லைன் குடுத்துக்கிட்டு இருக்கேன். இவர் வீட்டுல தனியா, உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு. கடைசில போன்கிட்டதான் கிடந்தார், ரிசீவர் கையில இருந்துச்சு. யாருக்குப் போட்டார்? எனக்குத்தான். நான் எடுக்கல. அன்னிலேருந்து சாத்தின கதவைப் பாத்தா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டு ஒண்ணும் இல்லங்கறார். அடிச்சுக்கறது எனக்குத்தான தெரியும்.

இப்படி இருக்கறப்ப, போன கார்த்திகைல ஒரு குண்டைத் தூக்கிப் போட்டா. கோடியக்கரைல வேலை கிடைச்சிருக்காம். பறவை ஆராய்ச்சி. குளிர்காலத்துல கடலோரமா வர்ற பறவைங்களை வலை கட்டிப் பிடிச்சு, கால்ல சின்னதா வளையம் மாட்டி விடுவாங்களாம், எங்க போகுது எப்ப வருதுன்னு கண்டுபிடிக்க. யாருக்கும் தெரியாம எழுதிப் போட்டிருக்கா. எனக்குக் கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. ஏண்டி, அது பாட்டுக்கு இருக்கறதைப் போய் வலை போட்டுப் பிடிக்கிற வேலையா, பாவம் இல்லையான்னு கேட்டேன். அதுக்கு அவ, "நாங்க பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல விட்டுடுவோம்மா"ன்னா. எதுக்கு அதை அப்படி ஒரு மாதிரி பாத்துக்கிட்டே சொன்னான்னு தெரியல.

நான் தடுக்கலம்மா. அதை நீ தெளிவா கேட்டுக்கோ. போயிட்டு வான்னு நானே பை எடுத்து வெச்சேன், முறுக்கு சுட்டுக் குடுத்தேன். பஸ் ஏறினா. அவ போனப்புறம் வீடு இருக்கே, ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம்கூடப் பெருசா கேக்குது. நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சுது. போன் பண்ணேன். "பிருந்தா, ஒரு மாதிரி வருதுடி"ன்னேன். மரக்காணத்துல இறங்கி, எதிர் பஸ் பிடிச்சு வந்துட்டா. கதவைத் திறந்து அவளைப் பாத்ததும் சரியாப் போச்சு. எனக்கே வெக்கமா இருந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு. கூப்பிட்டதும் எவ்வளவு வேகமா ஓடி வந்தா தெரியுமா, செருப்பு வார் அறுந்ததுகூடத் தெரியாம.

மறுபடி போனா. அந்தத் தடவ போய்ச் சேர்ந்துட்டா. நாலஞ்சு நாள் இருந்தா. ராத்திரி போன் பண்ணி, இன்னிக்கு என் கையால ஒரு உள்ளான் குருவிக்கு வளையம் போட்டேன்னா. ரஷ்யாலேருந்து வந்ததாம், உள்ளங்கையில வெச்சா எடையே இல்லையாம், இதயம் மட்டும் டகடகன்னு அடிச்சுக்குதாம். எனக்கும் அப்படித்தான் அடிச்சுக்குதுன்னேன். மறுநாள் வந்துட்டா. வந்தவ அழல, கத்தல, ஒண்ணும் இல்ல. பையைப் பரண்ல போட்டா, தன் ரூம்ல போய் உக்காந்தா. அன்னிலேருந்து ரொம்ப அமைதியா ஆயிட்டா. இங்க வந்தாலும் தள்ளி நிப்பா. மணி சொல்றதில்ல. நானா கேட்டா, "ஒண்ணும் இல்லம்மா அங்க"ங்கறா. முருங்கை மரத்துல என்ன வந்து உக்காந்தாலும் தலை தூக்கிப் பாக்கறதில்ல. பக்குவம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கறேன்.

ஆனா பாசம் குறையல. ஒரு வாரமா பம்பரமா சுத்தறா. என் மாத்திரையெல்லாம் வேளை வேளைக்குப் பிரிச்சு டப்பா டப்பாவா வெச்சிருக்கா. கண் ஆபரேஷனுக்குத் தை மாசத்துல தேதி வாங்கி, கூட இருக்கறதுக்குக் கீழ் வீட்டு ரெஜினாகிட்ட சொல்லி வெச்சிருக்கா. அந்த ரெஜினா நேத்து வந்து, இனிமே ராத்திரில உங்க வீட்டுலயே படுத்துக்கறேன் அக்காங்கறா. எதுக்குன்னு கேட்டா சிரிக்கறா. அவ வீட்டுல ஏதாவது இடப் பிரச்சினையா இருக்கும். நமக்கு எதுக்கு.

என்ன அப்படிப் பாக்கற?

இல்ல, நீ ஏதோ நெனச்ச. முகத்துல தெரியுது. சரி, நான் காட்டறேன் பாரு. இந்த ஒண்ணாம் நம்பரை அழுத்திப் பிடிச்சா அவளுக்குப் போகும். மழை, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லப் போறேன். தலைவலியோட இருந்தாலும் குடை எடுத்துட்டுக் கால் மணில வந்து நிப்பா, நீயே பாரு.

பிருந்தா? ம், நான்தான். மழைடி இங்க. என்ன சத்தம் அது, டிவியா? அதைக் கொஞ்சம் குறை. என்னது? கேக்கல, சத்தமா சொல்லு. எந்த பஸ்ஸு? தலைவலின்ன. மகாபலிபுரம் தாண்டி எதுக்குப் போற?

இரு. இரு, வெச்சுடாத. எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி வருதுடி. நிஜமா. பொய் இல்ல. பக்கத்துலயா? யாரோ ஒரு பொண்ணு, கேமரா வெச்சிருக்கா. அவ எதுக்கு? நீ இறங்கு. அடுத்த ஸ்டாப்ல இறங்கு. இறங்கலையா? இந்தத் தடவ இறங்கலைன்னா என்ன அர்த்தம்? பிருந்தா. பிருந்தா, நான் உன் அம்மாடி.

வெச்சுட்டா.

அழுதுக்கிட்டேதான் வெச்சா. அழுதா இறங்கிடுவா. எனக்குத் தெரியும் அவளை. பாண்டிச்சேரில பஸ்ஸு நிக்கும், அங்க இறங்கிடுவா. மறுபடி போடறேன். ரிங் போகுது. போகுது. எடுக்க மாட்டேங்கறா. இன்னொரு தடவ. எடுக்க மாட்டேங்கறாம்மா.

உன் போனைக் கொஞ்சம் குடேன். என் நம்பரைப் பாத்தாத்தான் எடுக்க மாட்டா, புது நம்பர்னா எடுப்பா. நீயே பேசு. அம்மா பார்க்ல மயங்கி விழுந்துட்டாங்கன்னு சொல்லு, போதும். ஒரு தடவ சொன்னா என்ன தேஞ்சா போயிடும்? நான் இதோ கண்ணை மூடிச் சாஞ்சுக்கறேன், பொய்கூட ஆகாது.

ஏன் எழுந்திருக்கற? மழை இன்னும்... விட்டுடுச்சா? எப்ப விட்டுச்சு? அப்பவேவா? நான் கவனிக்கல. வேணாம், ஆட்டோ எல்லாம் வேணாம், கையை விடு. ரெஜினாவுக்கா? அவ எதுக்கு எனக்கு? போ நீ. உன்னை யாரு பிடிச்சு வெச்சா? பை என் கையில இருக்குதா, இந்தா, எடுத்துக்கோ.

போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அங்க சருகுல ஏதோ ஓடற மாதிரி இருக்குது. கேக்குதா உனக்கு? அந்தக் குருவியா, வேற ஏதாவதா? எத்தனை மணி பக்கம்? பைனாகுலரை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாத்துட்டேன், பச்சையாத்தான் இருக்குது. எனக்குத் தெரியலம்மா. அவ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.